எட்டாம் வகுப்புப் பையன்கள் கூட்டிய வகுப்பறை

நான்தான் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். தலைமையாசிரியர் இல்லை, ஊர்க்காரர்கள் இல்லை. நான்!

விருத்தாசலத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் பாலினச் சமத்துவப் பாடம் நடத்துகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் மட்டும் ஏன் கூட்ட வேண்டும் என்று தொண்டை வறளப் பேசுவேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். கலையரசி மட்டும் நம்பிவிட்டாள்.

எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துப் பெண். விடுமுறையில் அம்மாவோடு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டே படித்தவள். பயிற்சிக்காக ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனதும், எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பெண்கள், மறுநாள் பையன்கள் கூட்டுவது என்று முறையை மாற்றினாள். குடி முழுகிப் போயிற்றா? பையன்கள் சிரித்துக்கொண்டேதான் கூட்டினார்களாம்.

அந்த வாரமே ஒரு பையனின் அப்பா வந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள்.

"எம்புள்ள வூட்டுலயே தொடப்பத்தத் தொட்டதில்ல. இங்க வந்து கூட்டணுமா?"

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "இனிமே உங்க காலேஜ் புள்ளைங்கள இங்க அனுப்பாதீங்க மேடம்."

கலையரசி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நடத்திய பாடம்தானே... நான் பேசுவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறதும்மா. சார்கிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டாள். அந்த அப்பாவிடமும் கேட்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அந்த ஆள் மேல், தலைமையாசிரியர் மேல்... உங்கள் மேலும்தான். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லத்தானே வாயெடுக்கிறீர்கள்? சொல்லாதீர்கள். என் வேலை போயிருக்காது. முதல்வரிடம் திட்டு வாங்கியிருப்பேன், வேறு பள்ளி தேடி அலைந்திருப்பேன். அந்த அலைச்சலுக்குச் சோம்பித்தான் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்!

போன மாதம் புதிய மாணவிகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். அங்கே கலையரசி டீச்சர். அவள் வகுப்பில் பெண்பிள்ளைகள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் ஜன்னலில் சாய்ந்து அரட்டையடித்தார்கள்.

என் பார்வை போன இடத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"பசங்களக் கூட்டச் சொன்னா எதுக்கு மேடம் வம்பு? அன்னிக்கு நீங்க சொல்லலன்னா, போற எடத்துலல்லாம் இப்படியே பேச்சு வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

குத்திக்காட்டவில்லை. மனதார நன்றி சொன்னாள்! நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தாள்.

நான் சொன்னது தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்... டீயைக் குடித்தேன். என் மாணவிகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவள் வகுப்பை நடத்தும் விதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.