அண்ணன் செய்த லோரி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். பழைய மெஷின்களைப் பிரிப்பதும் புதியவற்றைப் பூட்டுவதும்தான் வேலை. அண்ணனும் நானும் மட்டும் குருபோங்கில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அண்ணன் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அப்போது அவர் எதையும் ஓட்டவில்லை. வலது முட்டி மடங்காது.

முந்தின வருட மழையில் தோட்டத்து மண்சாலையின் ஓரம் சரிந்து, குலை நிறைந்த லோரி இடது பக்கமாகப் பெரிய வடிகாலுக்குள் கவிழ்ந்துவிட்டது. லோரியில் இருந்தது இரண்டே பேர். அண்ணனுக்கு முட்டி நொறுங்கியது. பக்கத்தில் இருந்த கெலிண்டான் செத்துப்போனார். லோரியில் கூடவே போய் ஏற்றி இறக்க உதவுகிறவரை நாங்கள் கெலிண்டான் என்போம். ஆனால் அவர் அண்ணனோடு ஒரே லயத்தில், தோட்டத்து வீட்டு வரிசையில், வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. விழுந்த உடனேயே உயிர் போய்விட்டது, அவனுக்கு வலியே தெரிந்திருக்காது என்று அண்ணன் போலீஸிடம் சொன்னார், சாவு வீட்டில் சொன்னார், என்னிடமும் சொன்னார்.

அதன் பிறகு அண்ணன் வீட்டோடு கிடந்தார். டிவி ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அப்படி இருந்தவர் ஒருநாள் தானாகவே கேட்டார், கூட்டாளியின் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டித் தர முடியுமா என்று. அந்தப் பிள்ளை அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கடையில் பழைய போர்டு, ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் சும்மா கிடக்கின்றன, முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார், ஆனால் நல்ல பெட்டி ஒன்றும் இல்லை என்றேன். பெட்டியை நான் செய்கிறேன் என்றார்.

போர்டை அட்டையில் வைத்து அளவெடுத்தார். பலகையும் தகரமும் வாங்கி வரச் சொன்னார். மடங்காத காலை நீட்டிப் போட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து வெட்டினார், தட்டினார், ராவினார். அவர் செய்வது சாதாரணப் பெட்டி இல்லை என்பது சக்கரங்களைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பழைய ரப்பர் ஜப்பான் சிலிப்பரை வட்டமாக வெட்டி, அடுக்கி ஒட்டியிருந்தார்.

"லோரியா அண்ணே?" என்றேன்.

"அவனோட லோரிடா," என்றார். "நான் ஓட்டுனதோட சரி. கழுவுனது, பெயின்ட் அடிச்சது, தீபாவளிக்கு லைட்டு கட்டுனது எல்லாம் அவன்தான். அந்தப் புள்ளைய இதுல ஏத்தித்தான் ஸ்கூல்ல எறக்கி விடுவான்."

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். போர்டு தகரத்தில் படக் கூடாது என்றதும் பின்பக்கத் தொட்டிக்கு அடியில் பலகை வைத்துக்கொண்டார். பவர் சப்ளை ஓட்டுநர் அறைக்குள் போனது. ரேடியேட்டர் இருக்கிற இடத்தில் காற்றாடியை வைத்து, முன்னால் கம்பி வலை அடித்தார். பிளாப்பி டிஸ்க் பின்கதவு வழியாகப் போகும். முகப்பு விளக்குகளில் ஒன்று மின்சாரம் வந்ததும் எரியும், மற்றது ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மினுக்கும். நீல வண்ணம், பக்கப் பலகைகளுக்குச் சிவப்பு. தொட்டியில் போர்டை மறைக்க, செம்பனைக் குலை அடுக்கிய மாதிரி மரத்தூளும் பசையும் குழைத்து ஒரு மூடி செய்தார். அதில் காற்று வெளியேற ஓட்டைகள். அந்த நாட்களில் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார். அண்ணன் தேறி வருகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். கூட்டாளியின் மனைவி தோட்டத்தை விட்டு வந்து மெர்லிமாவ் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். வாடகை வீடு. மகளின் மேசையில் நான் ஒயர்களைப் பூட்டி சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா லோரி," என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் எங்களுக்கு ரோஸ் சிரப் தண்ணீர் கலக்க ஐஸ் வாங்கி வருகிறேன் என்று கடைக்கு ஓடினாள்.

அதுவரை அடுப்படி வாசலிலேயே நின்றிருந்த அந்த அக்கா கிட்டே வந்தார். லோரியின் முன்னால் குனிந்து பார்த்தார். இடது பக்கக் கதவில் விரலை வைத்தார்.

"இங்கதான உக்காந்திருப்பாரு?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"ஒடனேயேவா உசுரு போச்சு, அண்ணே?"

எத்தனையோ தடவை பதில் சொன்ன கேள்விதான். அன்றைக்கு அந்தப் பழைய பதிலைச் சொல்ல அவரால் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லம்மா," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கதவுக்கு அடியில் கூட்டாளியின் இடுப்பு சிக்கியிருந்தது. அண்ணனின் கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டியிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை, பேசுவது மட்டும் கேட்டது. முதலில் கூட்டாளிதான், உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறார். வடிகாலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்தியிருக்கிறார்கள். அந்த மழையில் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டாளி தன் மனைவி பேரையும் மகள் பேரையும் சொல்லியிருக்கிறார். கடைசியில் பேச்சு நின்று முனகல் மட்டும் வந்தது.

"எவ்ளோ நேரம்?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலம்மா. மழ விட்டப்ப சத்தமும் நின்னுருச்சு."

அக்கா அழவில்லை. கதவிலிருந்து விரலை எடுத்து, ஈரமாக இருந்தது போல முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிள்ளை ஐஸோடு வந்தாள். நான்கு பேரும் ரோஸ் சிரப் குடித்தோம். பிள்ளை அந்தக் குலை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க நான் மட்டும் போனேன். வேறு பெட்டிக்கு மாற்ற முடியுமா என்று அக்கா கேட்டார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. லோரியைத் தொட்டால் பள்ளிக்கே போகமாட்டேன் என்றாள். கடைசியில் அது அங்கேயே இருந்தது. அக்கா அந்த அறைக்குள் போவதை விட்டுவிட்டார். துணி மடித்துக் கொடுப்பதானால் வாசலில் நின்று நீட்டுவார்.

நான் கிளம்பும்போது வெளியே வந்தார்.

"தம்பி, அண்ணன இனிமே கூட்டிட்டு வராதீங்க. கோவம் இல்ல. அவரு வாயத் தொறந்தா எனக்கு எங்க வீட்டுக்காரரு கத்துறதுதான் கேக்குது."

அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் அவரே, "வர வேணாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னதுக்கு அப்பறம் எனக்குத் தூக்கம் வருதுடா," என்றார். "அவங்களோடத புடுங்கிட்டு வந்துட்டேன் போல."

சில மாதங்களில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தொழிற்சாலை ஒன்றில் அண்ணனுக்கு ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்தது. கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் லோரிகளுக்குத் தடுப்பைத் தூக்கிவிட வேண்டும். வாசலில் கிடந்த மிச்சத் தகரத்தை ஒரு மலாய்க்காரரிடம் கொடுத்துவிட்டார், கோழிக்கூண்டு கட்ட. மெர்லிமாவ் பக்கம் அவர் பிறகு போகவே இல்லை.