குடலுக்குள் வந்து சேராத முடிச்சுகள்

என் மகள் பிறந்து இரண்டு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. குடித்த பாலைப் பச்சை நிறத்தில் கக்கினாள். வயிறு ஊதிப் பளபளத்தது. சங்கரன்கோவிலில் பிரசவம் பார்த்த டாக்டரம்மா உடனே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார். பூ மார்க்கெட்டில் வியாபாரத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்த என் கணவர் ஆம்புலன்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் பிச்சிப்பூ வாசனை.

அங்கே குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர், குடலின் கடைசிப் பகுதியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கினார். குடல் சுவருக்குள் நரம்பு செல்கள் கொத்துக் கொத்தாக, பொடி முடிச்சுகள் போல இருக்குமாம். எங்கே சுருங்க வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று குடலுக்குச் சொல்வது அவைதானாம். பெரும்பாலும் மூளையைக் கேட்பதுகூட இல்லையாம். கரு வளரும்போது அந்த செல்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து வரும். என் மகளுக்கு அவை குடலின் கடைசிவரை வந்து சேரவில்லை. அந்தத் துண்டு தளரத் தெரியாமல் இறுகிக் கிடந்தது.

மாசமாக இருந்தபோது என்னத்தைத் தின்றேன் என்று மனசு தேட ஆரம்பித்தது. மாமியாரும் போனில் அதைத்தான் கேட்டிருந்தார். டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க எதுவும் செஞ்சதால வந்தது இல்லம்மா," என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆபரேஷனுக்குப் பிள்ளை எடை கூட வேண்டும். அதுவரை குழாய் வழியாக உப்புத்தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவ நர்ஸ் கற்றுக்கொடுத்தார். எனக்குத் துணிச்சல் வரவில்லை, கணவர் பழகிக்கொண்டார். ஆம்பளை செய்கிற வேலையா என்று மாமியார் முகம் சுளித்தபோது, "எம் பிள்ளைக்கு நான் செய்யுதேன்," என்றார், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்தார்கள். பிறகு காத்திருந்தோம். ஒரு மத்தியானம் அவளைத் தூக்கியபோது என் சேலை வெதுவெதுப்பாக நனைந்தது. டீக்கடைக்குப் போயிருந்தவரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏங்க, பிள்ளை தானா வெளிக்குப் போயிட்டா."

"வாரேன்," என்றார்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் நாளெல்லாம் துணி அலசினேன். ஓயாமல் போனதில் அவளுக்குத் தோல் வெந்து புண்ணாகி, மெல்ல ஆறியது. இப்போது ஒன்றாம் வகுப்பு. காலையில் கக்கூஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருப்பாள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். நான் அவசரப்படுத்துவதில்லை.