பெட்டிக்குள் இல்லாத ரப்பர்

பழைய கம்பியை அறுத்து முடித்த பிறகுதான் புதுக் கம்பி வந்த பெட்டியை முழுதாகக் கொட்டிப் பார்த்தேன். என் முட்டாள்தனம் முழுவதும் இந்த ஒரு வரியிலேயே அடங்கிவிடுகிறது. எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை, அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

காரின் முன்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்தபடி குறுக்கே ஓர் இரும்புக் கம்பி இருக்கும். கராஜ்காரர்கள் அதை வெறுமனே 'பார்' என்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. கம்பி தடிமனாக இருந்தால் சாய்வு குறையும், கார் சொன்னபடி கேட்கும். அந்தக் கம்பியை வண்டியோடு பிடித்து வைப்பவை இரண்டு ரப்பர் துண்டுகள். புஷ் என்பார்கள். கம்பி அதற்குள் கொஞ்சம் உருளவும் வேண்டும், ஆடாமல் இருக்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த என் பெட்டியில் தடித்த கம்பி இருந்தது, போல்ட் இருந்தது, விளக்கத் தாள்கூட இருந்தது. புஷ் இரண்டும் இல்லை.

என்னுடையது இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், என்னைவிடச் சில வயதுதான் இளையது. நான் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருந்துகொண்டு அவிசாவளையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். லயத்துக்கு ஏறும் பாதையில் டிராக்டர் மட்டும்தான் போகும் என்பதால் காரைக் கீழே ஸ்டோர் முற்றத்தில் விட்டுவிட்டு நடந்து ஏறுவேன். எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் தொழிற்சாலை. "ரெண்டு பேரு போற காருக்கு எதுக்கு பாப்பா இம்புட்டுச் சத்தம்?" என்று கேட்காத ஆள் தோட்டத்தில் இல்லை. பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் ஹாரன் அடிப்பேன்.

அந்தக் காரை விற்பது என்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, லயத்து ஏற்றம் இனி ஆகாது, ரோட்டோரமாக ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை வாங்குகிறவர் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கொடகவெல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையை மூடி, கார்களை ஒவ்வொன்றாக மலையேற்றி நேரம் பார்க்கும் போட்டி. நான் பெயர் கொடுத்திருந்தேன். ஜெயிக்கும் ஆசையெல்லாம் கிடையாது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, கொடியை அசைத்து, எதிரே ஒரு பஸ்ஸும் வராத வளைவுகளில் ஒரே ஒரு தடவை அந்தக் காரை முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கம்பி மாற்றத் தெஹியோவிட்டவில் ஒரு மெக்கானிக் பாஸிடம் விட்டேன். சிங்களவர், எங்கள் தமிழும் பேசுவார், நல்ல கைக்காரர். ஆனால் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் என் பக்கத்தில் நிற்கும் அண்ணனைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அண்ணன் ஸ்டோரில், ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகையறையில் வேலை செய்பவர். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

"நட்டு எல்லாம் துரு மல்லி, கழற்ற ஏலாது. கட் பண்ணுவமா?" என்று அண்ணனைக் கேட்டார் பாஸ். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"என்னைக் கேளுங்க பாஸ், கார் என்னோடது" என்றேன்.

"கட் பண்ணுவமா மல்லி?" என்றார் மறுபடியும், அண்ணனிடமே.

கடுப்பில் நான்தான் "பண்ணுங்க" என்று கத்தினேன். பத்து நிமிடத்தில் பழைய கம்பி மூன்று துண்டாகத் தரையில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கொட்டினேன்.

விற்றவர்களுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு மிக அழகாகப் பதில் போட்டார்கள், அனுப்பி வைக்க மூன்று வாரம் ஆகுமாம். எனக்கு இருந்தது பத்து நாள். அவிசாவளையில் இருந்த பார்ட்ஸ் கடை எல்லாம் ஏறி இறங்கினேன், அரை நாள் லீவு போட்டு இரத்தினபுரிக்கும் போனேன். ஒன்று ஓட்டை சின்னது, ஒன்று பெரியது, ஒன்று வேனுக்குப் போடுவது. ஒரு கடைக்காரர் நான் நீட்டிய அளவைப் பார்க்காமலே "ஹஸ்பண்டை வரச் சொல்லுங்க, விளங்கப்படுத்துறேன்" என்றார். இல்லாத புருஷனை எங்கிருந்து வரச் சொல்வது? திரும்பும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் ரப்பர் மரம். என் தாத்தா காலத்திலிருந்து இந்த மரங்களுக்குக் கீழே கிடக்கிறோம், இரண்டு துண்டு ரப்பருக்கு நான் ஊர் ஊராக அலைகிறேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்? அளவ குடு, நான் செஞ்சு தாறேன்" என்றார்.

அவரைச் சும்மா சொல்லக்கூடாது. ஸ்டோருக்குப் பொறுப்பான ஐயாவிடம் கேட்டு, கழித்துப்போட்ட ஷீட்டுகளில் குமிழி இல்லாதவையாக நாலைந்து பொறுக்கினார். கீற்றுக் கீற்றாக வெட்டி அடுக்கி, புகையறைச் சூட்டில் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே கிளாம்ப் போட்டு இரண்டு நாள் இறுக்கி வைத்தார். பிறகு சூடாக்கிய குழாயால் ஓட்டை போட்டு, பிளேடால் சீவிச் சீவி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கல் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினால் விரல்தான் வலித்தது.

"ஒட்டிக்காதாண்ணே?" என்று கேட்டேன். மூட்டை கட்டி வைத்த ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"சுண்ணத் தூளு போட்டிருக்கேன், ஒட்டாது. ஆனா ஒண்ணு, எண்ணெ, கிரீஸு எதுவும் கிட்டவே போவக்கூடாது. பட்டா இளகிரும்" என்றார்.

அது அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாராவது புகையறைக்குள் வந்து ஷீட்டைத் தொட்டால் போதும், அண்ணன் போடும் சத்தம் மேல் லயம் வரை கேட்கும். எண்ணெய் பட்ட ஷீட்டு நாசம். இருபது வருடமாக அவர் கையால் ஒரு ஷீட்டிலும் எண்ணெய்க் கறை விழுந்ததில்லை என்பதை ஸ்டோரில் எல்லோரும் பெருமையாகவே சொல்வார்கள்.

புதன்கிழமை பாஸ் மாட்டிக் கொடுத்தார். வியாழக்கிழமை விடிந்ததும் கித்துல்கல வரை ஓட்டிப் போனேன். அந்தக் காலையைப் பற்றி எரிச்சல்பட எனக்கு ஒன்றுமே இல்லை. ஆற்றை ஒட்டிய வளைவு ஒவ்வொன்றிலும் கார் தரையோடு படிந்து போயிற்று. முன்பெல்லாம் திருப்பினால் கார் முதலில் சாய்ந்துவிட்டுப் பிறகுதான் திரும்பும். இப்போது நினைத்தவுடன் திரும்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஒரே ஒரு குறை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்னால் கீச்சென்று ஒரு சத்தம். வெள்ளிக்கிழமை அலுவலகம் போய்வருவதற்குள் அந்தக் கீச்சு என் மண்டைக்குள் ஏறிவிட்டது. விளக்கத் தாளை எடுத்துப் படித்தேன். சத்தம் வந்தால் புஷ்ஷின் உட்பக்கம் கிரீஸ் பூசவும் என்று அச்சடித்திருந்தது. அண்ணன் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில், படம் போட்டு, பளபளவென்ற தாளில் இருந்ததற்கு முன்னால், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு புகையறைக்காரர் சொன்னது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தாள் பேசியது தொழிற்சாலையில் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரைப் பற்றி, எங்களுடையது வேகாத பச்சை ரப்பர் என்ற வித்தியாசம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோர் முற்றத்தில் காருக்கு அடியில் படுத்துக் கை நிறைய கிரீஸ் எடுத்துப் பூசினேன். கீச்சு நின்றது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். அண்ணன் கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரத்தினபுரி தாண்டி வெயில் ஏறியதும் முன்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் டொக் டொக். பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டார். உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கிரீஸு போட்டியா?"

"கொஞ்சந்தாண்ணே."

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சமாதானமாகியிருப்பேன். கொடகவெல வரை அந்த டொக் டொக்கை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம்.

ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். சோதித்தவர் வயதான சிங்கள ஐயா, கையில் டார்ச். அடியில் குனிந்து பார்த்தவர் விரலை விட்டுத் தோண்டி வெளியே எடுத்தார். கறுப்பாக, தொதல் அல்வா மாதிரி, விரலிலிருந்து இழுபட்டு வந்தது. "மே மொகத்த?" என்றார், இது என்ன என்று. சுற்றி நின்ற ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு "ரப்பர் ஷீட்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. பச்சை ரப்பரில் யாராவது கிரீஸ் பூசுவார்களா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு நேராக என்னைப் பார்த்து, "இதை நீங்களா செய்தீர்கள்? ஓட்டுகிறவரே செய்திருந்தால், தன் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஆளை நான் மலைக்கு அனுப்ப மாட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் அண்ணன் முன்னால் வந்தார்.

"மம தமய் சேர்" என்றார். நான்தான் சேர். தோட்டத்தில் ரப்பர் வேலை செய்கிறவன், தங்கச்சிக்குத் தெரியாமல் நான்தான் செய்து, நான்தான் கிரீஸும் பூசினேன், புத்தியில்லாமல் செய்துவிட்டேன் என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

ரப்பர் வேலை செய்கிறவனா கிரீஸ் பூசினான் என்று யாரோ கேட்டார்கள். இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஐயா டார்ச்சை அணைத்தார். கம்பியை முழுதாகக் கழற்றிவிட்டு, எல்லோரும் ஓடி முடித்த பிறகு, வேண்டுமானால் மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்கலாம், நேரம் எழுத மாட்டோம் என்றார். அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஸீட்டில் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். கம்பி வெளியே வந்தபோது அவர் முழங்கை வரை கறுப்பாக ஒட்டியிருந்தது.

பெயரை யாரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. கொடியும் இல்லை. கம்பியே இல்லாத கார், வளைவுக்கு வளைவு, ஆள் நிறைந்த பஸ் மாதிரி சாய்ந்து சாய்ந்து ஏறியது. இரண்டாவது வளைவிலேயே பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். உச்சியில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்ட ஒரு சவாரி அவ்வளவுதான். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன், கை வலித்தது.

கீழே வந்ததும் அண்ணன் ஓடி வந்தார். "எப்புடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை கார் போய்விட்டது. கதை மட்டும் போகவில்லை. போட்டிக்கு வந்திருந்த யாரோ தெஹியோவிட்ட பாஸிடம் சொல்லி, பாஸிடமிருந்து பஸ்ஸில் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டவர்களிடமும் அண்ணன் நான்தான் பூசினேன் என்றே சொல்லியிருக்கிறார். இப்போது அவர் புகையறைக்குள் நுழைந்தால் "கிரீஸு வருது, ஷீட்டப் பொத்துங்கடா" என்று கத்துகிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அவருடைய பெயரே கிரீஸ் அண்ணன் என்றுதான் தெரியும்.

ரோட்டோர வீடு இன்னும் அமையவில்லை. பஸ் பிடிக்கக் காலையிலும், வேலை முடிந்து மாலையிலும் அந்த முற்றத்தைத் தாண்டித்தான் போகிறேன். அவர்கள் கத்துவது எனக்குக் கேட்கும். ஒரு நாளாவது நின்று, அவர் இல்லை, நான்தான் என்று சொன்னதில்லை.