‘எப்போதும்’ என்று டிக் அடியுங்கள்

ஒஹாயோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு நோயாளியின் கட்டிலுக்கு எதிரேயும் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்ததும், முந்தைய நர்ஸின் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அதில் எழுத வேண்டும். நூர்ஜஹான் என்று எழுதினால் இவர்கள் வாயில் நுழையாது, அதனால் நூர் மட்டும். பெயருக்குக் கீழே தேதி, டாக்டர் பெயர், வலி பத்துக்கு எத்தனை என்ற கணக்கு. கடைசியாக ஒரு சிரிக்கும் முகம் வரைய வேண்டும். நாலு வருஷமாக வரைகிறேன், இன்னும் பழகவில்லை. அறையை விட்டுக் கிளம்பும்போது சொல்ல ஒரு வாக்கியமும் உண்டு. அதை அச்சடித்து எங்கள் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகித் தந்திருக்கிறார்கள்: “உங்களுக்கு வேறு ஏதாவது செய்யட்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது.” என் பொறுப்பில் உள்ள ஆறு நோயாளிகளில் ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும், இன்னொருவரை ஆபரேஷன் முடிந்து தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருப்பார்கள். நான் கதவருகே நின்று எனக்கு நேரம் இருக்கிறது என்று சொல்வேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இந்தப் பொய்யைச் சொல்கிறேன்.

நர்ஸிங் படித்துவிட்டு இங்கே வர நினைக்கும் நம் ஊர்ப் பெண்கள், வரும்முன் இந்தச் சிரிக்கும் முகத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. ஊசி போடவும் கட்டுக் கட்டவும் உங்களுக்குத் தெரியும், அதில் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. வேறொரு பரீட்சை இருக்கிறது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சில நாள் கழித்து, அவருக்குத் தபாலில் ஒரு படிவம் போகும். நர்ஸுகள் உங்களை மரியாதையாக நடத்தினார்களா, நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா, மணி அடித்ததும் வந்தார்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும். இதில் ‘எப்போதும்’ மட்டும்தான் கணக்கு. ‘பெரும்பாலும்’ என்று ஒருவர் நல்ல மனசோடு டிக் அடித்தாலும் எங்களுக்குப் பூஜ்யம்தான். மாதம் பிறந்தால் எங்கள் சாப்பாட்டு அறையின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மதிப்பெண் பட்டியலை ஒட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டும்.

நான் வந்து இரண்டாவது வருஷம், பன்னிரண்டாம் அறைக்கு டென்னிஸ் என்பவர் வந்தார். முழங்கால் மாற்று ஆபரேஷன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக வாழ்பவர், பார்க்க ஒருவரும் வரவில்லை. கூப்பிடும் மணி அவர் கையை விட்டு இறங்கவே இல்லை. தலையணையை உயர்த்து, ஜன்னல் திரையை மூடு, கொஞ்சம் திற, காபி ஆறிவிட்டது, இது நான் கேட்ட கிரீம் இல்லை. நடக்கப் பயந்துதான் ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தால் பாதி மணி அடித்திருக்க மாட்டார். உட்கார எனக்கு எங்கே நேரம்?

அடுத்த அறையில் ஹெலன் என்ற அம்மா, எண்பது வயதுக்கு மேல். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர். மூன்றாம் நாள் முற்பகலில் மாத்திரை கொடுக்கப் போனபோது, “ஒன்றுமில்லை கண்ணு, கொஞ்சம் களைப்பு” என்றார். உதட்டைப் பார்த்தேன், நிறம் சரியில்லை. மூச்சை எண்ணினேன், வேகமாக இருந்தது. ஆக்ஸிஜன் அளவு என் கண் முன்னாலேயே இறங்கியது. காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று பட்டதும் அவசரக் குழுவைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து, டாக்டர் வந்து, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை அந்த அம்மா என் கையை விடவில்லை. நாற்பது நிமிஷம். அதற்குள் பன்னிரண்டாம் அறையில் நாலு தடவை மணி அடித்திருந்தது. வியர்வையைக்கூடத் துடைக்காமல் ஓடிப் போய் டென்னிஸ் கட்டிலருகே நின்று கேட்டேன்: “வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?”

தேனியில் நான் வேலை பார்த்த ஏழு வருஷமும் கட்டிலருகே போய் முதலில் கேட்ட கேள்வி அதுதான். “என்ன பிரச்சனை உங்களுக்கு?” அக்கறையாகக் கேட்கும் கேள்வி. இங்கிலீஷில் அதே வார்த்தைகள் ‘உனக்கு என்னடா கேடு’ என்கிற மாதிரி ஆகிவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. டென்னிஸ் முகம் சிவந்துவிட்டது. “என் பிரச்சனையா? உன் பிரச்சனை என்ன?” என்றார். அவர் என்னை விசாரிக்கிறார் என்று நினைத்து, “எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்” என்றேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் வார்டு மேனேஜர் லிண்டா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். நல்ல பெண். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தயாராக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டென்னிஸ் எல்லாக் கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ அடித்து, கீழே எழுதியும் இருந்தார். இந்திய நர்ஸ் கூப்பிட்டால் வருவதில்லை, வந்ததும் சண்டைக்கு நின்றாள், காபி கடைசி வரை வரவில்லை. நான் பக்கத்து அறையில் நடந்ததைச் சொன்னேன். லிண்டாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“நீ செய்தது எல்லாம் சரி, நூர். அந்த அம்மா உயிரோடு இருப்பதே உன்னால்தான்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனால் அந்த அம்மா படிவம் அனுப்பவில்லையே” என்றாள்.

நான் அழவில்லை, கைக்குட்டைப் பெட்டியைத் தொடவும் இல்லை. எரிச்சல்தான் வந்தது. ஹெலன் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். யார் அவரைக் காப்பாற்றியது என்று அவருக்கு நினைவிருக்க வழியில்லை. என்னை மூன்று மாதத் திருத்தத் திட்டத்தில் போட்டார்கள். ஒரு பயிற்சியாளர் வாரம் ஒரு தடவை வந்து, எப்படிச் சிரிப்பது, கதவைத் தட்டிவிட்டு எத்தனை நொடி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தாள். கண்ணாடி முன் நின்று சிரிக்கச் சொன்னாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என் விசா அந்த ஆஸ்பத்திரியின் காகிதத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, அதனால் சிரித்தேன். மூன்று மாதம் முடிந்ததும் தேறிவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வீட்டில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, நம் ஊரில் இதெல்லாம் கிடையாது என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். நான் ஏன் கிளம்பினேன் என்பதையும் சொல்கிறேன். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, பழனிசெட்டிபட்டியில் மூன்று பெண்களோடு வாடகை அறை. 1999-இல் ஒரு திராட்சைத் தோட்டக்காரரைக் காய்ச்சலோடு சேர்த்திருந்தார்கள். இரண்டு மாடிக்கும் நான் ஒருத்திதான் நர்ஸ். ஊசி மருந்து அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் கொஞ்சம் போட்டுப் பார்த்துக் காத்திருந்தேன். “இன்னும் என்ன வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க?” என்று அவருடைய மகன் கத்தினான். “பத்து நிமிசம் பாக்கணும்ணே” என்றேன். அறைந்தான். கன்னத்தில் விழுந்த அடியில் மருந்துத் தட்டு கீழே விழுந்தது. வராந்தா முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அவுக பெரிய குடும்பம்மா. நீயே ஒரு வார்த்த சாரின்னு சொல்லிரு, பிரச்சன முடிஞ்சிரும்” என்றார். நான் போய்ச் சொன்னேன். கன்னம் எரிய எரியச் சொன்னேன். அன்றைக்குத்தான் வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். அடிக்க மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே யாரும் அடிக்கவில்லை, உண்மைதான். டிக் அடிக்கிறார்கள்.

போன டிசம்பரில் அத்தாவுக்கு, என்னைப் பெற்றவருக்கு, குடலிறக்க ஆபரேஷன் என்று உத்தமபாளையத்திலிருந்து போன் வந்தது. மூன்று வார லீவில் போனேன். தேனியில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, வாசலிலேயே குளிர்ந்த காற்று. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் அத்தாவின் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து, ட்யூபில் ரத்தம் பின்னால் ஏற ஆரம்பித்தது. சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினேன், யாரும் வரவில்லை. திரும்ப அழுத்தினேன். ட்யூபை நானே மூடினேன். ஒரு நர்ஸுக்கு அது அரை நொடி வேலை, ஆபத்து அதோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்று கத்தினேன்.

“இங்கன ஆளே இல்லையா? எத்தன தடவ பெல் அடிக்கிறது?”

பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டைக் கை மருந்தில் நனைந்திருந்தது. பெயர்ப் பட்டையில் ஈஸ்வரி என்று இருந்தது.

“என்ன நர்ஸ் நீ? ட்ரிப்ஸ் தீந்தது தெரியாம அங்கன என்ன பண்ணிக்கிட்டு இருக்க?” என்றேன்.

“மன்னிச்சிருங்கக்கா. குச்சனூர்லருந்து பாம்பு கடிச்ச அம்மா வந்திருக்காக. மருந்து ஒத்துக்கிறாம ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருச்சு. விட்டுட்டு வர முடியல” என்றாள். மூச்சு வாங்கியது. அப்படியே கட்டிலருகே வந்து, அத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்து, “வலிக்குதா தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே புதுப் பாட்டிலை மாட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டென்னிஸுக்காவது பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கு அந்த வேலை தெரியும். ஒரு நர்ஸ் வராவிட்டால் அவள் எங்கே நிற்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். “ஒனக்கு எத்தன பேஷண்ட்?” என்று கேட்டேன். “பதினெட்டுக்கா. இன்னைக்கு ஒரு ஆளு வரல” என்றாள், குறையாகச் சொல்லாமல், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. பாம்பு கடித்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “எறங்குன பிரசர் ஏறிருச்சு. தப்பிச்சுக்குவாகக்கா” என்றபோதுதான் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள் காலையில் ஈஸ்வரி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘தங்கள் மேலான கருத்து’ என்று தலைப்பு. கீழே கேள்விகள், எதிரே மூன்று கட்டங்கள்: சுமார், நன்று, மிக நன்று. எனக்குச் சிரிப்பதா எதையாவது தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. ஒஹாயோவிலிருந்து எனக்கு முன்பே கிளம்பி வந்து, தேனியில் எனக்காகக் காத்திருந்தது அந்தப் படிவம்.

“அக்கா, எல்லாத்துக்கும் ‘மிக நன்று’ போட்டுருங்க. ‘நன்று’ போட்டாக்கூட மேடம் ரூமுக்குக் கூப்புட்டு ஏன்னு கேப்பாக” என்றாள்.

எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ அடித்தேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அதில், ‘பதினெட்டு நோயாளிகளை ஒரே நர்ஸ் பார்ப்பது தவறு. அவர் நன்றாக வேலை செய்கிறார். இன்னும் இரண்டு பேரை நியமியுங்கள்’ என்று எழுதினேன். ஒஹாயோவில் எழுத முடியாததை எல்லாம் எழுதிவிட்ட மாதிரி மனசு லேசானது. ஈஸ்வரி வாங்கிப் படித்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

“இத அடிச்சிருங்கக்கா.”

“ஏம்மா? ஒனக்காகத்தான எழுதியிருக்கேன்?”

“வந்தவுககிட்டப் போயி கொற சொன்னியான்னு என்னையத்தான் கேப்பாக. கோம்பையிலருந்து தெனம் பஸ்ஸுல வாரேன், வீட்ல என் சம்பளந்தான். நீங்க ப்ளேன் ஏறிப் போயிருவீக. நான் இங்கனதானக்கா இருக்கணும்.”

லிண்டா முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது, யாராவது இப்படி நியாயம் பேச வந்திருந்தால் நானும் இதையேதான் கெஞ்சியிருப்பேன். படிவத்தைத் திரும்ப வாங்கி, எழுதிய மூன்று வரியையும் எழுத்துத் தெரியாமல் கிறுக்கி அடித்தேன். அதுவும் போதாது என்று அவள் புதுப் படிவம் ஒன்று கொண்டுவந்தாள். அதிலும் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் அதை மடக்காமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றிக்கா” என்று போனாள். பழைய படிவத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அத்தாவின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் குரல், பதற்றத்தோடு, “சிஸ்டர்!” என்று கூப்பிட்டது. ஒஹாயோவில் என்னை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே நான் நூர், அல்லது ஒரு மணிச் சத்தம். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு நாலு எட்டில் கதவருகே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஈஸ்வரி வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னைய இல்லம்மா” என்றார் அத்தா கட்டிலிலிருந்து. “அந்தப் புள்ளையக் கூப்புடுறாக. நீ வந்து உக்காரு.”

“இந்தா வாரேன் அத்தா” என்றேன். ஆனால் ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் வராந்தாவிலுமாக, அந்தக் குரல் ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.