டவர் கிடைக்காத இடத்தில் குடித்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் செல்போன் பழுது பார்ப்பவர். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவருடைய கடையில் ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் யாராவது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தது, வண்டிச் சக்கரம் ஏறியது, புருஷன் மேல் இருந்த கோபத்தில் சுவரில் அடித்தது என்று நாற்பது செல்லாவது மேசையில் கிடக்கும். ஒன்றைக்கூட அவர் செத்துப்போனதாக ஒப்புக்கொண்டதில்லை. "மயக்கத்துல இருக்குங்க, நாளைக்கு வாங்க" என்பார். கழற்றிய போர்டை ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் கழுவும்போது, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற முகம் வந்துவிடும் அவருக்கு.

போன வருஷம் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கடைசி மருந்து ஏறிய அன்று டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அக்கா மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அறையில் அத்தானும் நானும்தான்.

"குடி விஷயத்துல கவனமா இருக்கணும். ஆல்கஹால் உள்ள போனா செல் சிக்னலையே மாத்திவிட்டுடும். சும்மா கிடக்கிற ஒண்ணு ரெண்டு கெட்டது, கிளம்புன்னு யாரோ சொன்ன மாதிரி கிளம்பிப் போய் ஈரல்ல உக்காந்துக்கும். அதுக்கு மட்டும் இடம் குடுத்துடாதீங்க" என்றார் டாக்டர்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து தன் செல்லை இரண்டு விரலால் எடுத்து, மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். "இத்தனை நாளும் இதைப் பையில வச்சுக்கிட்டே குடிச்சிருக்கேன் டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தார்.

வெளியே வந்ததும் அத்தான் எனக்கு விளக்கினார். "மாப்ள, சரக்கு உள்ள இருக்கும்போது செல் பக்கத்துல இருந்தா சிக்னல் நேரா உள்ள பாயுது. ரெண்டும் சேரக் கூடாது, அவ்வளவுதான். தனித்தனியா ஒரு கெடுதலும் இல்ல. போர்டையே ஆல்கஹால்லதான கழுவுறேன்? பேட்டரியக் கழட்டிட்டுக் கழுவினா ஒண்ணும் ஆகாது."

என்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து செல் எண்ணுவதுதான் என் பிழைப்பு. டாக்டர் சொன்னது எந்த செல் என்று எனக்குப் புரியாமல் போக வழியே இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். இவர் குடியை விட்டுவிட்டால் நான் யாரோடு உட்கார்ந்து குடிப்பது என்று தோன்றியது. மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்தியும் கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் அவர் இடம் தேடக் கிளம்பிவிட்டார். கடையில் நாற்பது செல் கிடப்பதால் இனி அங்கே ஒரு மடக்குகூடக் கூடாதாம். செல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்தார். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் போய்ப் பார்த்தார், அங்கே இரண்டு கோடு காட்டியது. லிப்டில் ஒரு கோடு. கடைசியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது அடித்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் பின்னால், தண்ணீர் மோட்டார் அறை அகப்பட்டது. "சுத்தமா டவரே இல்ல மாப்ள" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

கடையில் கூட்டமில்லாத மதிய வேளைகளில் அங்கே போவோம். இருவர் செல்லையும் அணைத்து டிபன் பாக்ஸில் போட்டு மேலே காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவோம். மோட்டார் பார்க்க வந்த பிளம்பர் ஒருநாள் பாக்கெட்டில் செல்லோடு டம்ளரை நீட்டினார். அத்தான் பதறிப்போய், "உங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல, உடம்பைப் பாத்துக்கங்க" என்று அவரை மேலே திருப்பி அனுப்பினார். ஒரே மாதத்தில் ஐந்து பேர் ஆனோம். காவலாளி பெரிய டிபன் பாக்ஸ் வாங்கினார். உடம்பில் இவ்வளவு அக்கறையுள்ள குடிகாரர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குடிப்பதை அக்காவிடம் அவர் மறைத்தார், கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவள் என்னிடம்தான் கேட்பாள். "டாக்டர் சொன்னபடி ஒழுங்கா இருக்காராடா?"

"இம்மி பிசகலக்கா" என்பேன். அது பொய்கூட இல்லை, அதுதான் கொடுமை. ஆறாவது மாத ஸ்கேன் நன்றாக வந்துவிட்டால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் மருத்துவமனையிலிருந்து அத்தானுக்குப் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். செல் காவலாளியின் டிபன் பாக்ஸில் இருந்தது. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் படியேறி வந்து, அணைத்த செல்லை ஆன் செய்து பார்த்து, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தான் மேலிருந்து வந்த வாசனையை அந்த அறையே உணர்ந்தது.

ஈரலில் இரண்டு இடத்தில் தெரிகிறது என்றார் டாக்டர். "குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டாக்டர். ஆனா ஒரு தடவைகூட செல்லோட குடிச்சதில்ல. மாப்ளயக் கேளுங்க."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "இதனாலதான் பரவுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நான் சொன்னது உடம்புல இருக்கிற செல்லுங்க" என்றார் மெதுவாக.

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ கூடத்தானே இருந்த? நாள் பூரா செல்லத்தானே எண்ணுற. உனக்கும் புரியலயாடா?"

அத்தான்தான் என் தோளில் கை போட்டுச் சொன்னார். "அவனத் திட்டாத. அவன் எண்ணுறது ரத்தத்துல இருக்கிற செல்லு. குடல்ல இருக்கிற செல்லப் பத்தி அவனுக்கு என்ன தெரியும், பாவம்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.