வண்டியின் மூக்கில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு என் மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைப்பதை மச்சான் குத்தகைக்கே எடுத்திருக்கிறார். சில வருஷத்துக்கு முன் ஒரு பூஜையில் பெட்ரோல் டேங்க் மூடியில் தோசை வார்ப்பதுபோல் சந்தனத்தை அப்பினார். என் நெற்றி இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மகளை அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனேன். பாதி வழியில் வண்டி நின்றது. உதைத்தேன். பிளக்கைத் துடைத்துவிட்டு மறுபடி உதைத்தேன். செருப்பு அறுந்ததுதான் மிச்சம். நேரம் தவறினால் அவளை உள்ளே விடமாட்டார்கள், பஸ்ஸும் போய்விட்டது.

எதிரே இருந்த டீக்கடைக்காரர், "வண்டிக்குப் பூஜை போட்டீங்களா சார்?" என்றார்.

"அமர்க்களமா போட்டாச்சுய்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்கப்பா. அப்பறம் திட்டிக்கலாம்," என்றாள் மகள்.

மூடியைத் திருகியதும் டேங்க் ‘புஸ்’ஸென்று காற்றை இழுத்தது. அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிட்டது! மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. காய்ந்த சந்தனம் அதை அடைத்ததால் பெட்ரோல் இறங்கவில்லை. மகளின் ஹேர்ப்பின்னால் குத்தித் திறந்தேன்.

கேட்டை மூடும் நேரத்தில் அவள் ஓடி நுழைந்தாள்.

வீடு திரும்பி மச்சானைப் பிடித்து உலுக்கினேன். "சாமி காரியத்துல குத்தம் சொல்றீங்களே மாமா!" என்று அவர் என்மேல் பாய்ந்தார்.

இப்போதெல்லாம் பூஜைக்கு முன்பே மூடியின்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறேன். மச்சான் என்னை முறைத்தபடியே கிண்ணத்துக்குப் பொட்டு வைக்கிறார்.