கேமரன் மலையில் கிருமிக்கு அடைகாத்த கோழி

மலேசியாவின் கேமரன் மலைக்கு எல்லோரும் குளிருக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் போவார்கள். நான் முதன்முதலாகப் போனது 1983 புரட்டாசியில், செத்துக்கொண்டிருந்த மீன்களுக்காக. அப்போது பினாங்கில் ஒரு மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. பங்களாக் குளத்தில் வண்ணக் கெண்டைகள் மிதக்கின்றன என்று ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், போன் செய்தார். என் மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பலனில்லை.

அந்தக் காலத்தில் மேலே போக அடிவாரத்து ஊரான தாப்பா வழிதான். தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். வழியில் ரிங்லெட் ஊர் வருவதற்குள் காலையில் தின்ற தோசை வெளியே வந்துவிட்டது. மடியில் ஒரு பெட்டி, அதில் சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகள். நோயுற்ற மீனின் சிறுநீரகத்தைக் கம்பியால் தொட்டு அந்தக் கூழில் கோடு இழுத்து, ஓரிரு நாள் கதகதப்பில் வைத்தால், பாக்டீரியா புள்ளி புள்ளியாக முளைக்கும். கதகதப்புக்கு அந்த மலையில் எங்கே போவது? அதை யோசிக்காமலே ஏறிவிட்டேன்.

துரை ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். களைக்கொல்லி அடிக்கும் மாரிமுத்து மருந்துப் பம்பை ஓடையில் கழுவினானாம், விஷம் குளத்தில் இறங்கியதாம். திங்கட்கிழமை காலைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"நான் ஓடைப் பக்கமே போகல சார். சொன்னா நம்ப மாட்டேங்குறாரு லா" என்றார் மாரிமுத்து.

குளத்தில் தவளைகள் கும்மாளமாக இருந்தன. கெண்டைகளுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிவப்புப் புண், வயிறு வீக்கம். விஷமென்றால் தவளையைச் சும்மா விடுமா? துரையிடம் சொன்னேன். "அது உங்க அபிப்பிராயம். ஆதாரம் கொண்டாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்த மீன் உதவாது, அதில் கண்ட கிருமியும் குடியேறிவிடும். சாகும் நிலையில் இருந்த இரண்டைப் பிடித்தேன். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. மீன் அறுக்க லயத்தில் ஒருவரும் பலகைகூடத் தரவில்லை. கொட்டும் மழையில், மாரிமுத்து குடை பிடிக்க, தோட்டத்து லோரியின் பின்பலகையில் அறுத்தேன். சூடாக இருக்குமே என்று தட்டுகளோடு தேயிலை காயவைக்கும் அறைக்கு ஓடினால் அங்கிருந்தவர் கதவையே மறித்தார். "தேயிலைக்கு மீன் வாடை ஏறுனா நீங்களா குடிப்பீங்க?" நியாயம்தான். மலையிறங்கலாம் என்றால் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது.

நடுங்கிக்கொண்டு மாரிமுத்து வீட்டில் உட்கார்ந்தேன். அவர் மனைவி அஞ்சலை தேநீர் கொடுத்தார். அடுப்போரம் பழைய தேயிலைப் பெட்டியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் கோழியைப் பார்த்தேன். அஞ்சலை என்னைப் பார்த்தார்.

"சார், இது புரட்டாசி."

"ஐயோ, திங்க இல்லம்மா!" விஷயத்தைச் சொன்னேன்.

"மீன் ரத்தத்தக் கொண்டாந்து எங்கோழிக்கு அடியிலயா? பெருமாள் கண்ணக் குத்திருவாரு!"

"வீடு போனா பெருமாள எங்க லா வச்சுக் கும்புடுவ?" என்றார் மாரிமுத்து.

அஞ்சலை சாமி படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத் துணியில சுத்துங்க. நான் தொட மாட்டேன்" என்றார்.

மூன்று தட்டு வைத்தேன். இரண்டில் மீனின் சிறுநீரகம் தொட்ட கோடு, ஒன்றில் எதுவும் தொடாத வெறும் கூழ். கோழி என் புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது.

திங்கட்கிழமை விடிந்ததும் இன்னொரு கொத்து வாங்கிக்கொண்டு எடுத்தேன். மீன் தட்டு இரண்டிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள், அப்படியே பங்களாவுக்கு ஓடினேன். மாரிமுத்துவும் அஞ்சலையும் பின்னாலேயே வந்தார்கள்.

"எங்க வச்சு வளத்தீங்க?"

"கோழிக்கு அடியில."

துரை எழுந்தே விட்டார். "அப்ப இது கோழிக் கிருமி!"

மூன்றாவது தட்டை நீட்டினேன். அதே கோழி, அதே சூடு, ஒரு புள்ளி இல்லை. அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பினாங்கில் மறுபடி பார்த்து, தீவனத்தில் கலக்க மருந்து அனுப்புவதாகச் சொன்னேன். "நாளைக்கு வேலைக்கு வா" என்றார் மாரிமுத்துவிடம். மன்னிப்பெல்லாம் கிடையாது. அஞ்சலை வாசலிலேயே அழுதுவிட்டார். என் கண்ணும் கலங்கியது, மறைப்பானேன்.

"புரட்டாசி முடிஞ்சதும் வாங்க சார். இந்தக் கோழியவே அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்" என்றார் அஞ்சலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இப்போது போகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழியும் இருக்கிறது, வளைவு குறைவு. குடலுக்கு உறுதியிருந்தால் தாப்பா வழியே போங்கள், காடு அழகு. ஸ்வெட்டர் வேண்டும். கியா பார்மில் காய்கறி வாங்க வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. பையில் கருவாட்டை வைத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழையாதீர்கள்.

மறுவருடம் நான் போனபோது மாரிமுத்து அதே வீட்டில் இருந்தார். கோழியும் உயிரோடு பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

"அடிக்கலயாம்மா?"

"எங்க சார்! தொடக்கூடாதுன்னு துரை உத்தரவு. மீனுக்குத் திரும்பச் சீக்கு வந்தா வேணுமாம்."